டிரைவர் சூசைமுத்துவின் கழுத்துச் சாவி

ஒத்தைப்பாலத் தோட்டத்தில் துரையின் காரை ஓட்டிய சூசைமுத்துவின் கழுத்தில், வருஷத்தில் ஒரு நாள் தவிர, எப்போதும் இரண்டு கயிறுகள் கிடக்கும். ஒன்று மாதா படம் தைத்த உத்தரியம். மற்றது தடித்த கறுப்புக் கயிறு. அதன் நுனியில் கார் சாவி. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். பூசையில் நன்மை அப்பம் வாங்க முழந்தாளிட்டுக் குனிந்தால் சாவி கிராதியில் பட்டு ணங்கென்று சத்தம் போடும். பின்னால் இருக்கும் பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

தோட்டத்தில் யாராவது எதையாவது தொலைத்துவிட்டால், அது குடையோ கோழியோ, ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மடியை உதறிப் பார், வந்த வழியே திரும்பிப் போ, கடைசியாக எங்கே வைத்தாய் என்று கண்ணை மூடி நினைத்துப் பார் என்பார்கள். சூசைமுத்து மட்டும் வேறொன்று சொல்வார். "மொதல்ல வாய மூடு. ஒரு ராத்திரி பொறு. எவன் பேரையும் சொல்லிப்புடாத." கோழியைத் தொலைத்தவளுக்கு இது எதற்கென்று விளங்காது. மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவாள். விளங்கியவர்கள் அந்தத் தோட்டத்தில் இரண்டே பேர். அவர்களும் வாய் திறந்ததில்லை.

கதை ஐம்பத்தொன்றாம் வருஷத்தில் நடந்தது. மலாய் நாட்டில் அவசரகாலம் என்று வெள்ளைக்கார சர்க்கார் அறிவித்து மூன்று வருஷம் ஓடியிருந்தது. கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி இருந்த கூலிக்காரர் லயங்களையெல்லாம் பிரித்து, பங்களாவுக்குக் கீழே ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி அடித்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் கேட்டுக்குப் பூட்டு. காலையில் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரனுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கேட்டில் நிற்கும் ஸ்பெஷல் போலீஸ்காரன் தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்ப்பான். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றையே ஒருமாதிரியாகப் பார்த்த காலம் அது. காட்டுக்குச் சேதி கொண்டுபோகிறவன் எவன், போலீசுக்கு ஆள் காட்டுகிறவன் எவன் என்று யாருக்கும் தெரியாது. ஆகையால் எல்லாரும் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

இந்தக் காலத்துக்கு என்றே செய்துவைத்த ஆள் சூசைமுத்து. பிறவியிலேயே சந்தேகப் பிராணி. காப்பியில் சீனி குறைந்தால் யாரோ டப்பாவில் கை வைத்துவிட்டார்கள் என்பார். காருக்கு அடியில் குனிந்து பார்க்காமல் கதவைத் தொட மாட்டார். அந்தக் காரும் அப்படிப்பட்டது. துரைமார் வண்டிகளைக் காட்டுக்காரர்கள் வழிமறித்துச் சுடுவதால் கதவுகளுக்கும் கண்ணாடிகளுக்கும் இரும்புத் தகடு அடித்து, பார்க்க நகரும் அலமாரியாக இருக்கும். அதைக் கோலசிலாங்கூருக்கும் ஈஜோக்குக்கும் ஓட்டிப்போய் வருவதால் சூசைமுத்துவுக்குத் தோட்டத்தில் ஒரு தனி மிடுக்கு.

இன்னொரு மிடுக்கும் உண்டு. அவர் பரம்பரை வேதக்காரர், கிறிஸ்தவர். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கார லயத்தில் செபம் சொல்வது சூசைமுத்துதான். மனைவி மாடில்டா, பிறந்தபோது லெட்சுமி. மரம் வெட்டுகிறவர் மகள்; கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். அவளைத் தாம் கரையேற்றிவிட்டதாக அவர் பத்துப் பேருக்கு நடுவில் சொல்லிக்கொள்வார். அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். மாரியம்மன் கோயில் திருநீற்றை யாராவது வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தால் போதும், அவர் போடும் சத்தத்தில் நாய் எழுந்து ஓடும்.

அந்த அக்டோபரில்தான், நாட்டையே ஆண்ட பெரிய வெள்ளைக்காரரை மலைப் பாதையில் காரோடு மறித்துச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தது. துரைமார் முகமெல்லாம் வெளுத்துவிட்டது. மாடில்டாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"காடி ஓட்டுனவனுக்கும் குண்டடியாம்லா," என்றாள்.

"எனக்கென்னடி? மாதா இருக்கா," என்றார் சூசைமுத்து. சொல்லிவிட்டு வெளியே போய், யாரும் பார்க்காத இடத்தில் நின்று சுருட்டைப் பற்றவைத்தார். தீக்குச்சி மூன்று முறை அணைந்தது.

அடுத்து வந்தது ஆயுத பூசை. தோட்டத்துக்கு லீவு. காலையிலேயே லயத்து ஆட்கள் பால் வெட்டும் உளிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, துணியில் சுற்றி மாரியம்மன் கோயிலில் வாழை இலை மேல் பரப்பிவிட்டார்கள். லோரிக்கு மாலை விழுந்தது. ஸ்டோரில் ரப்பர் பிழியும் மிஷினுக்கும் ஒரு பொட்டு. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மஞ்சள் நீர் தெளித்து மறுபூசை செய்யும்வரை ஒருவரும் தொடக் கூடாது. துரை கார் பக்கம் மட்டும் எவரும் சந்தனக் கிண்ணத்தோடு போகவில்லை. சூசைமுத்துவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அவர் காரைக் கொட்டகையில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். கார் சாவியும் கொட்டகைச் சாவியும் ஒரே வளையத்தில் சட்டைப் பையில் இருந்தன. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுக் குளித்தார், சாப்பிட்டார், படுத்தார். மத்தியானம் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சுப்பிரமணியம் வேர்க்க விறுவிறுக்க வந்து எழுப்பினார். கோலசிலாங்கூரிலிருந்து போன் வந்திருக்கிறது, துரை உடனே கிளம்ப வேண்டும் என்றார். சூசைமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு பைக்குள் கையை விட்டார். பை காலி.

வேட்டியை உதறினார். பாயைப் புரட்டினார். குளித்த இடத்தில் வாளியைக் கவிழ்த்தார். கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையில் இருந்த புல்லை மாடு மேய்வதுபோலக் குனிந்து அலசினார். "சாவியப் பாத்தியாடி?" என்று கேட்டதற்கு, அடுப்புப் பக்கம் திரும்பியிருந்த மாடில்டா, "தெரியலங்க," என்றாள். காணாமற்போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் கோடி அற்புதர் அந்தோணியாருக்கு ஒரு பெரிய மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். கிராணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தக் கிராணி ஏன் சரியாக இந்த நேரத்துக்கு வந்தார் என்று சூசைமுத்துவுக்குத் தோன்றியது.

பங்களாவில் சமையல் செய்யும் காளியண்ணன் பின்வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டார். "தொரகிட்ட சொல்லிடுப்பா சூசை. மறச்சா இன்னும் மோசமாயிடும்." நல்ல வார்த்தைதான். ஆனால் இவருக்கு என்ன இத்தனை அவசரம் என்று அதையும் ஒரு பக்கம் குறித்துவைத்தார்.

துரையிடம் இரும்புப் பெட்டியில் மாற்றுச் சாவி இருந்தது. காரை எடுக்க அது போதும். ஆனால் தொலைந்த சாவி யார் கையில் போயிருக்கிறது? காரைத் திறந்து சீட்டுக்குக் கீழே எதையாவது வைக்கலாம். கொட்டகைக்குள் பெட்ரோல் பீப்பாய்கள் இருக்கின்றன. துரை பயணத்தை நிறுத்தினார். போனைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் போலீஸ் லோரி வந்து நின்றது.

ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாவி உன்னிடம்தானே இருந்தது? ஆமாம். அப்படியானால் நீ கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவன் எடுத்திருக்க வேண்டும். நீ கொடுத்திருந்தால் விசாரணை கிடையாது, காவல் முகாமில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, நாடு கடத்தப்பட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறலாம். ஒருவன் எடுத்திருந்தால், யார்?

நாகப்பட்டினத்தில் சூசைமுத்துவுக்கு ஒரு காக்கையைக்கூடத் தெரியாது.  அப்போதுதான் மனசுக்குள் செல்லன் வந்து நின்றான்.

செல்லன் அந்தக் காரைக் கழுவித் துடைக்கிறவன். முப்பது வயசு, மனைவி கங்கா, இரண்டு பிள்ளைகள். அவன் அண்ணன் முன்பு தொழிற்சங்கத்தில் இருந்தவன். சங்கத்தைத் தடை செய்தபோது ஆளைக் காணோம். ஊருக்குப் போய்விட்டான் என்பார்கள், காட்டுக்குப் போய்விட்டான் என்றும் சொல்வார்கள். போன வாரம் செல்லன், "அண்ணே, தொர நாளக்கி எந்தப் பக்கம் போறாரு?" என்று கேட்டிருந்தான். செகிஞ்சானிலிருந்து மீன் கொண்டுவரும் சீனனோடு கேட்டருகே நின்று சிரித்திருந்தான். இன்று காலை கொட்டகையில் காரைத் துடைத்துக்கொண்டு இருந்தவனும் அவனே. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. பயந்தவன் மனசில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"செல்லன்," என்றார் சூசைமுத்து.

சொல்லி முடித்ததும் அது உண்மைதான் என்று அவருக்கே தோன்றியது. உடம்பு லேசாயிற்று. மறுபடி மூச்சு விட முடிந்தது.

செல்லனைக் கோயில் வாசலில் வைத்துப் பிடித்தார்கள். நெற்றியில் சந்தனம் ஈரமாக இருந்தது. என்ன, எதற்கு என்று கேட்டவன் வாயில் ஒரு அறை விழுந்தது. கங்கா லோரிக்குப் பின்னால் கேட்டு வரைக்கும் ஓடினாள். யார் ஆள் காட்டியது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். குழாயடியில் நின்ற மாடில்டாவின் கையிலிருந்து குடம் நழுவிற்று. அன்று சாயங்காலச் செபமாலையில் சூசைமுத்து சொன்ன மந்திரங்களுக்கு அவள் பதில் சொல்லவே இல்லை. பொம்பளை மனசு, இளகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விடிந்ததும் அவளைக் காணோம். மாரியம்மன் கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு வந்தாள். கையை நீட்டினாள். உள்ளங்கையில் சாவி. மஞ்சள் நீர் சொட்டிற்று. வளையத்தில் சந்தனம் அப்பியிருந்தது.

அந்தோணியார் வாக்குத் தவறவில்லை. மாரியம்மன் கோயிலிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"நான்தாங்க எடுத்தேன்," என்றாள். "எல்லாரும் உளிய வைக்கிறாங்க. ஒங்களுக்கு அந்தச் சாவிதானே ஆயுதம்? அந்த ரோட்டுல நீங்க போறப்பல்லாம் என் உசுரு என்கிட்ட இல்லங்க. எங்க அண்ணன் உளிக் கட்டுக்குள்ள சொருகி வச்சேன். தொர லீவு நாள்ல கூப்புடுவாருன்னு கண்டேனா?"

"நேத்தே சொல்றதுக்கு என்னடி?" அவர் கை ஓங்கிவிட்டது.

"மறுபூசைக்கு முன்னாடி எடுத்தா அந்த ஆயுதமே ஒடையவன அடிச்சிடும்னு சொல்லுவாங்க. செல்லன ஏத்துனப்போ வாய் வரைக்கும் வந்துச்சிங்க. வாயத் தொறந்தா அம்மன் கோவத்துக்கு ஒங்களத் தூக்கிக் குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு..." அவள் அழவில்லை. கண் வறண்டு கிடந்தது. "ராத்திரியெல்லாம் கங்கா அழுதது கேட்டுச்சா? எந்தப் பாவி அவன் பேரச் சொன்னான்னு தெரியல. அவன் நாக்கு அழுவிப் போவும்."

ஓங்கிய கை எப்போது இறங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. தோலை உரித்துப் போட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது. சாவி தானாகக் கிடைத்தது, புல்லில் கிடந்தது என்று சொன்னால்? நேற்று அந்தப் புல்லைப் போலீஸ்காரர்களும்தான் அலசினார்கள். மனைவி எடுத்தாள் என்றால்? நாளைக்கு அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் பேர் கேட்பார்கள். இவள் யார் பேரைச் சொல்வாள்? ஒரு பேரையும் சொல்ல மாட்டாள். அதனால்தான் விடமாட்டார்கள். அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது.

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனார். கட்டளை போடும் அளவுக்குத் துரைக்குத் தமிழ் வரும்.

"சாவி கெடச்சிடுச்சி தொர. நான்தான் மாரியம்மன் கோயில் படையல்ல வச்சேன். வச்சத மறந்துட்டேன்."

துரை சந்தனத்தைப் பார்த்தார். "நீ கிறிஸ்தியான். கோயில் ஏன் போனது?"

"பயம் தொர," என்றார் சூசைமுத்து. "அந்த ரோட்டுல ஓட்டுறதுக்குப் பயமா இருந்திச்சி."

அன்று காலை அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். மனைவியிடம்கூடச் சொல்லாததைத் துரையிடம் சொல்லிவிட்டார்.  காருக்குள் துரை எப்போதும் தலையைத் தாழ்த்தி உட்காருவதைச் சூசைமுத்து கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. நேற்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்கிறாய், காட்டுக்காரன் மிரட்டினானா என்று கன்னத்தில் அறைந்தார். இல்லை, நான்தான் வைத்தேன் என்று சூசைமுத்து அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கோயில் பூசாரியை அழைத்துக் கேட்டார்கள். சாவி உளிக் கட்டுக்குள் இருந்தது உண்மைதான், யார் வைத்தது என்று தெரியாது என்றார் அவர். செல்லனை அவிழ்த்துவிட்டு, ஸ்டேஷனில் அவன் கிடந்த அறையிலேயே சூசைமுத்துவை அடைத்தார்கள். அந்த ரோட்டில் கார் ஓட்ட வேறு எந்த டிரைவரும் வர மாட்டேன் என்றதால், சில நாள் கழித்துத் துரையே வந்து கையெழுத்துப் போட்டு அவரைக் கூட்டிப்போனார்.

வேதக்கார லயத்தில் ஒரே கும்மாளம். செபம் சொல்கிற சூசைமுத்து அம்மனுக்குப் படையல் போட்டாராம்! அடுத்த மாதம் வந்த சாமியார் அவரை எல்லாருக்கும் முன்னால் முழந்தாளில் நிறுத்தினார். செபம் சொல்கிற வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார். மாடில்டா ஏதோ சொல்ல எழுந்தாள். "ஒக்காரு," என்றார் சூசைமுத்து.

இதெல்லாம் அவருக்கு வலித்தது, ஆனால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது, அவர் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலமே நடந்தது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு செல்லன் வாசலில் வந்து நின்றான். கீழுதடு வீங்கிப் பேச்சு குழறியது. நிமிர்ந்து நிற்க முடியாமல் ஒரு கையால் விலாவைப் பிடித்திருந்தான்.

"அண்ணே, நீங்க மட்டும் வந்து சொல்லலேன்னா என்னைக் கப்பல்ல ஏத்தியிருப்பானுங்க. எம்புள்ளைங்க ஒங்கள மறக்காதுண்ணே."

சூசைமுத்து பழத்தை வாங்கவில்லை. செல்லன் அதைப் படியில் வைத்தான்.

"எம் பேரச் சொன்னவன் யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன்ணே. காளியண்ணன்தான். போலீசு வந்தப்ப பங்களா பின்வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருந்தான், கங்கா பாத்திருக்கா. மிச்ச சோத்த வேலி ஓரமா நாய்க்குக் கொட்டுறான் இல்ல? நாளக்கி ஸ்டேசன்ல போயி அந்தச் சோறு காட்டுக்குப் போவுதுன்னு சொல்லப்போறேன். அவனும் உள்ள கெடந்து பாக்கட்டும்லா."

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். செல்லன் வாழ்நாள் முழுக்க அண்ணே அண்ணே என்று சுற்றி வருவான். காளியண்ணனைக் கொண்டுபோவார்கள், அவர் யார் பேரைச் சொல்வாரோ, அவனையும் கொண்டுபோவார்கள். சூசைமுத்துவுக்கு அந்த ஆபீஸ் அறை ஞாபகம் வந்தது. பேரைச் சொன்னவுடன் உடம்பு லேசானது ஞாபகம் வந்தது. இப்போது அந்த லேசு செல்லன் முகத்தில் தெரிந்தது.

"காளியண்ணன் இல்லடா," என்றார். "நான்."

செல்லன் விளங்காமல் பார்த்தான்.

"ஒம் பேர நான்தான்டா சொன்னேன். பயந்துபோயி சொன்னேன். வேற எவனும் இல்ல."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மாடில்டா கதவருகே வந்து, ஈரக் கையோடு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செல்லன் அடிப்பான் என்று சூசைமுத்து எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, விலாவைப் பிடித்தபடி நடந்து போய்விட்டான். பழத்தை எடுக்கவில்லை. அதை உள்ளே கொண்டுபோகவோ தூக்கி எறியவோ அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. படியிலேயே கறுத்து அழுகியது. அவன் ஸ்டேஷனுக்கும் போகவில்லை. காளியண்ணன் கடைசிவரை மிச்ச சோற்றை வேலியோரம் கொட்டிக்கொண்டிருந்தார்.

மாடில்டா பல நாள் அவரோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் தடித்த கறுப்புக் கயிறு ஒன்றைத் திரித்து, சாவியைக் கோத்து, அவர் கழுத்தில் போட்டுவிட்டாள்.

செல்லன் மறுபடி கார் கழுவ வந்தான். அதே கொட்டகை, அதே வாளி. சூசைமுத்துவிடம் மட்டும் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. டயரில் காற்றில்லை என்றால் டயரைக் காலால் தட்டிக் காட்டுவான்.

அடுத்த ஆயுத பூசை வந்தது. காலையில் குளித்து, நெற்றியில் சந்தனத்தோடு, செல்லன் சூசைமுத்துவின் வாசலில் வந்து நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையை நீட்டினான். சூசைமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கயிற்றைத் தலைவழியே கழற்றி அந்தக் கையில் வைத்தார்.

அவசரகாலம் முடிந்து, முள்கம்பியைப் பிடுங்கி, காரின் இரும்புத் தகடுகளைக் கழற்றிய பிறகும் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கை வந்தது. அந்த ஒரு ராத்திரி அவர் கழுத்தில் உத்தரியம் மட்டும் கிடக்கும். மறுநாள் காலை மஞ்சள் நீர் சொட்டச் சொட்ட சாவி திரும்பி வரும். கொடுக்கிறவன் பேச மாட்டான். சூசைமுத்து சந்தனத்தைத் துடைக்காமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டி எடுக்கப் போவார்.